திருநெல்வேலிச் சீமையின் காவல் முறை

திருநெல்வேலிச் சீமையில் பயிர், கால்நடை, வீட்டுப் பொருள், வழிப்போக்கர் சரக்கு முதலியவற்றைக் களவிலிருந்து காப்பதற்கு ஊரார் செய்துகொண்ட ஏற்பாடே காவல் முறை எனப்பட்டது. நாயக்கர் காலத்தில் வலுப்பெற்று, பாளையக்காரர் காலத்தில் அதிகாரமாக வளர்ந்து, ஆங்கிலேயர் காலத்தில் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊர்களில் இது நடைமுறையில் இருந்தது.

இக்காலத்து வாட்ச்மேன் வேலையிலிருந்து இது முக்கியமான ஒரு வகையில் வேறுபட்டது. காவல்காரர் பொருளைக் காப்பதோடு அவர் கடமை முடிந்துவிடாது. பொருள் காணாமல் போனால் தேடிக் கண்டுபிடித்துத் தர வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதன் விலையைத் தாமே ஈடுகட்ட வேண்டும். காவலும் காப்பீடும் ஒன்றாகச் சேர்ந்த முறை என்று இதைச் சொல்லலாம். அதே முறைக்குள் மிரட்டிப் பணம் வாங்கும் வழக்கமும் வளர்ந்தது. இந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் வரலாறு விளங்கும்.

சொற்களும் பொருளும்

காவல் என்ற சொல் தமிழுக்குப் பழையது. பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி வருகிறது. ஊரைக் காக்கும் செலவுக்காக ஊராரிடம் பெற்றது அது. அதற்கும் முன்பே, ஆநிரை கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் தமிழ் இலக்கணம் வகுத்து வைத்தது. மாடுதான் செல்வம் என்று இருந்த காலத்தில், களவும் மீட்பும் போரின் முதல் படியாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை.

திருநெல்வேலியில் வழங்கிய சொற்களுள் முக்கியமானவை இவை:

தலக்காவல் அல்லது ஊர்க்காவல்: ஓர் ஊரின் எல்லைக்குள் மட்டும் செய்யும் காவல்.

திசைக்காவல்: பல ஊர்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட பாதைகளையும் சேர்த்துச் செய்யும் காவல். ஆங்கிலேயர் ஆவணங்களில் இது 'தேசகாவல்' என்று காணப்படும். பெரும்பாலும் பாளையக்காரர் கையில் இருந்தது.

காவல் சுதந்திரம்: காவலுக்காக அறுவடையில் காவல்காரருக்குச் சேரும் பங்கு. பேச்சு வழக்கில் 'சுவந்திரம்' என்பர். சில ஊர்களில் இதற்குப் பதிலாகவோ இதனுடன் சேர்த்தோ மானிய நிலமும் விட்டிருந்தனர்.

துப்புக்கூலி: களவுபோன பொருள் இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு வாங்கும் கூலி.

தலையாரி: ஊர் மணியக்காரரின் கீழ் வேலை பார்த்த ஊழியர். காவல்காரரும் தலையாரியும் வெவ்வேறு ஆட்கள். தலையாரி ஊர் நிருவாகத்தைச் சேர்ந்தவர். காவல்காரர் ஒப்பந்தத்தால் வந்தவர்.

நிலமும் களவும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகக் கடலுக்குப் போகிறது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றின் கால்வாய்களில் கார், பிசானம் என இரண்டு போகம் நெல் விளைந்தது. ஆற்றங்கரையை விட்டு வடக்கிலும் தெற்கிலும் சிறிது தூரம் விலகினால் போதும். மானாவாரிக் காடும் தேரி மணலும் பனையும் உடைமரமும் தொடங்கிவிடும். மேற்கே மலை. ஒரு பக்கம் செழிப்பு, அதை ஒட்டியே வறட்சி. களவுக்கும் காவலுக்கும் இந்த நில அமைப்பு ஒரு முக்கியமான காரணம். நெல் விளைந்த ஊர்களில் காக்க வேண்டிய பொருள் இருந்தது. மழையை நம்பிய ஊர்களில் ஆயுதப் பழக்கமும் வேலை தேடும் கைகளும் இருந்தன.

அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் சொத்தில் பெரும்பகுதி பூட்டுக்குள் இருந்ததில்லை. அறுத்த நெல் களத்தில் அம்பாரமாகக் கிடக்கும். ஆடுகள் ஊருக்கு வெளியே வயலில் கிடை போட்டிருக்கும். மாடுகள் கோடையில் மலையடிவார மேய்ச்சலுக்குப் போய் வாரக்கணக்கில் தொழுவில் தங்கும். ஏர், கமலை வடம், கமலைச் சால் எல்லாம் கிணற்றடியில் இருக்கும். வேட்டைக்கும் தேனுக்கும் மலையேறியவர்கள் அரிசியையும் பாத்திரத்தையும் வலையையும் தங்கும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் போக முடியும். ஆள் இல்லாத இடத்தில் பொருள் இருக்கிறது என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல். திண்டுக்கல் பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் ஆட்டுக் கிடைக்குப் பூட்டுப் போட முடியாது.

ஊரார் கையாண்ட வழிகள்

காவல்காரரை அமர்த்துவதோடு மக்கள் தாங்களும் சில வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது, அடையாளமிடுதல். மாட்டுக்குச் சூடு போட்டனர். ஆட்டுக்குக் காதில் வெட்டுக்குறி இட்டனர். குடும்பத்துக்குக் குடும்பம் குறி மாறும். சந்தையில் மாட்டை வாங்குபவர் குறியைப் பார்த்தால் அது யாருடையது என்று விசாரிக்க இடமுண்டு. குறி களவைத் தடுக்காது. ஆனால் களவுப் பொருளை விற்பதைக் கடினமாக்கும்.

இரண்டாவது, முத்திரை. களத்தில் குவித்த நெல்லைப் பங்கிடும் வரை, குவியலின் மேல் ஈரச் சாணத்தாலோ களிமண்ணாலோ சாம்பலாலோ குறியிடுவர். யாராவது ஒரு மரக்கால் நெல் அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அரசுக்கு வரியாகச் சேர வேண்டிய பங்கும் அதே குவியலில் இருந்ததால் அதிகாரிகளும் இம்முறையை வற்புறுத்தினர்.

மூன்றாவது, பரணும் நாயும். விளைந்த காட்டில் பரண் கட்டி, கவணோடு இரவு முழுவதும் விழித்திருப்பர். பொதிகை மலையில் வாழும் காணிக்காரர்கள் யானைக்கும் பன்றிக்கும் எட்டாத உயரத்தில் மரத்தின்மேல் குடில் கட்டிப் பயிரைக் காத்தனர். பழைய திருநெல்வேலிச் சீமையின் வட பகுதியைச் சேர்ந்த இராசபாளையம், சிப்பிப்பாறை ஆகிய ஊர்களின் பெயர்களையே நாய் இனங்கள் தாங்கி நிற்கின்றன. இராசபாளையம் நாய் காவலுக்கும், சிப்பிப்பாறை நாய் முயல் வேட்டைக்கும் பெயர் பெற்றவை.

நான்காவது, ஆயுதம். வேல்கம்பு, வல்லயம், அரிவாள் ஆகியவற்றோடு வளரி என்னும் வளைந்த எறிகோலும் இருந்தது. ஓடும் முயலின் காலில் எறியப் பழகிய கை, ஓடும் திருடனின் காலிலும் அதை எறியும். வேட்டைக்கருவியும் காவற்கருவியும் பெரும்பாலும் ஒன்றே.

ஒப்பந்தம் நடந்த விதம்

ஊர்க் காவல் ஒரு குடும்பத்துக்கோ ஒரு சில குடும்பங்களுக்கோ பரம்பரை உரிமையாக இருக்கும். மேற்குத் திருநெல்வேலியில் இவ்வுரிமை பெரும்பாலும் மறவர் குடும்பங்களிடம் இருந்தது. மதுரை வட்டாரத்தில் கள்ளர் குடும்பங்களிடம் இருந்தது. நில உடைமையாளர், குடியானவர், வணிகர் ஆகியோர் கூலி கொடுத்தனர். ஏருக்கு இவ்வளவு, விளைச்சலில் இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறுபட்டது. அறுவடை முடிந்து நெல்லை அளக்கும்போது, களத்திலேயே காவல்காரரின் பங்கைத் தனியே அளந்து கொடுத்துவிடுவர்.

களவு நடந்தால் முதல் வேலை தடம் பார்ப்பது. மனிதர் காலடி, மாட்டுக் குளம்பு, வண்டிச் சக்கரம் ஆகியவற்றின் தடத்தை மண்ணில் படித்துக்கொண்டே காவல்காரர் போவார். தடம் அடுத்த ஊரின் எல்லைக்குள் நுழைந்துவிட்டால், அந்த ஊர்க் காவல்காரரை அழைத்துக் காட்டுவார். அதன்பின் தடத்தைத் தொடரும் பொறுப்பு அவருடையது. தம் ஊர் எல்லையைத் தாண்டித் தடம் வெளியேறியது என்று அவர் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஈடு அவர் தலையில் விழும். இவ்வாறு பொறுப்பு ஒரு சங்கிலிபோல ஊர் விட்டு ஊர் நகர்ந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஈடு கொடுக்கும் கடமை காவல்காரருக்கு இருப்பதால் அவர் விழிப்போடு இருப்பார். கூலி விளைச்சலில் ஒரு பங்காக இருப்பதால் ஊர் செழித்தால் அவரும் செழிப்பார். காவல் நிலையமோ நீதிமன்றமோ பக்கத்தில் இல்லாத ஊர்களில், தனித்துக் கிடக்கும் பொருளைக் காக்க மக்கள் கண்ட வழி இது.

பாளையங்களும் திசைக்காவலும்

மதுரை நாயக்கர் ஆட்சியில், விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. திருநெல்வேலிச் சீமையில் மேற்கே இருந்த பாளையங்கள் பெரும்பாலும் மறவர் வசமும், கிழக்கே கரிசல் நிலத்தில் இருந்தவை பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர் வசமும் இருந்தன. சிவகிரி, ஊற்றுமலை, சொக்கம்பட்டி, நெற்கட்டும்செவல், தலைவன்கோட்டை, சிங்கம்பட்டி, ஊர்க்காடு ஆகியவை மேற்குப் பாளையங்களுக்கு எடுத்துக்காட்டு. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் கிழக்கில் பெரியவை.

பாளையக்காரர் தம் எல்லைக்குள் வழிப்போக்கரையும் வணிகச் சாத்துகளையும் காக்க வேண்டியவர். பாதையில் சரக்கு பறிபோனால் அவர் பதில் சொல்ல வேண்டும். இதற்கென அவர் பெற்ற வரும்படியே திசைக்காவல். நாயக்கர் ஆட்சி 1736-இல் முடிந்தபின், ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி பெயரளவில் வந்ததே ஒழிய, திருநெல்வேலியில் அது நிலைபெற நெடுநாள் ஆயிற்று. அந்த இடைவெளியில் பாளையக்காரர்கள் தங்கள் பாளையத்துக்கு வெளியே, நேரடியாக அரசுக்கு வரி கட்டிய ஊர்களிலும் திசைக்காவல் உரிமை கோரினர். ஓர் ஊரின்மேல் ஏற்கெனவே தலக்காவல் கூலி இருக்க, அதற்கு மேல் திசைக்காவல் கூலியும் ஏறியது. இரண்டையும் குடியானவரே சுமந்தார்.

காட்டுக் கிடையும் முத்துப்பட்டனும்

காவலைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் அதிகாரிகள் எழுதியவை. மக்கள் அதை எப்படிப் பார்த்தனர் என்பதை அறிய வில்லுப்பாட்டைக் கேட்க வேண்டும். தாமிரபரணி பிறக்கும் மலையையே களமாகக் கொண்ட முத்துப்பட்டன் கதை அவ்வகையில் முக்கியமானது. பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைப்பாடலைப் பதிப்பித்துள்ளார்.

முத்துப்பட்டன் பிராமண குலத்தில் பிறந்தவன். தமையன்மாரோடு மலைவழியே வரும்போது, காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரைச் சந்திக்கிறான். அவர்கள் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். பகடை மாடு காப்பதும் தோல் வேலையும் செய்பவர். பெண் கேட்டு வந்தவனிடம், பூணூலையும் குடுமியையும் களைந்துவிட்டுத் தம்மைப்போல் செருப்புத் தைத்து வாழ வேண்டும் என்று அவர் கேட்கிறார். முத்துப்பட்டன் அப்படியே செய்கிறான். திருமணம் நடக்கிறது. அன்றிரவே, காட்டில் இருந்த மாட்டுக் கிடையைக் கள்வர் கொள்ளையிடுகின்றனர் என்ற செய்தி வருகிறது. மாமனாரின் மாடுகளைக் காக்க மணக்கோலத்தோடு போனவன் கள்வரை வென்று மாடுகளை மீட்கிறான். வென்றபின் ஓடையில் உடல் கழுவும்போது, மறைந்திருந்த ஒருவன் குத்திக் கொன்றுவிடுகிறான். கூடப் போன நாய் வந்து செய்தி சொல்கிறது. மனைவியர் இருவரும் சிங்கம்பட்டி அரசரிடம் அனுமதி பெற்றுத் தீப்பாய்கின்றனர்.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் இன்று பட்டவராயனாக நிற்கிறான். ஆடி அமாவாசைக்கு மக்கள் திரளாகச் சென்று தங்குவர். பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துவது அக்கோயிலின் தனி வழக்கம்.

சாதி மீறிய மணத்துக்காகவே இக்கதை பெரிதும் பேசப்படுகிறது. அது சரியே. ஆனால் வரலாறு படிப்பவர் இன்னொன்றையும் பார்க்கலாம். கதை திரும்பும் இடம் ஒரு மாட்டுக் கிடை. ஊரிலிருந்து தள்ளி, காட்டுக்குள், சிலரே காவலிருக்கும் ஓரிடம். அங்கே உள்ள செல்வத்தைக் காப்பது உயிரைக் கொடுக்கும் வேலை என்பதைக் கேட்பவர் எல்லோரும் அறிந்திருந்தனர். காக்கும் கடமையை ஏற்பதுதான் முத்துப்பட்டனை அக்குடும்பத்தின் மருமகனாக முழுமையாக்குகிறது. காவலில் இறந்தவன் காவல் தெய்வமாகிறான்.

துப்புக்கூலி: காவலின் மறுபக்கம்

காவல் கூலி கொடுக்க மறுத்த ஊருக்கு என்ன நேரும்? பல ஊர்களில் இதற்கு ஒரே விடைதான் இருந்தது. சில நாட்களில் மாடு காணாமல் போகும். வைக்கோல் படப்பு தீப்பிடிக்கும். மாட்டுக்காரர் தேடி அலையும்போது, மாடு இருக்கும் இடம் தமக்குத் தெரியும் என்று யாரோ ஓர் இடையாள் வருவார். துப்புக்கூலி பேசப்படும். மாட்டின் விலையில் ஒரு பெரும் பகுதியைக் கொடுத்தால், குறித்த இடத்தில் மாடு கட்டியிருக்கும். யார் கட்டினார் என்று கேட்கக் கூடாது.

காவல்நிலையத்துக்குப் போனால் மாடும் திரும்பாது, பகையும் வரும். பணத்தைக் கொடுத்தால் மறுநாளே ஏர் பூட்டலாம். குடியானவர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளி நகரில் ஐரோப்பியர்கூடத் தங்கள் வீட்டுக்குக் கள்ளர் ஒருவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டனர். அந்த ஒருவர் இருந்தால் மற்றவர் வரமாட்டார் என்பதே அதன் பொருள்.

இவ்வழக்கத்தை ஆங்கிலேய அதிகாரிகள் 'பிளாக்மெயில்' என்ற சொல்லால் குறித்தனர். அந்தச் சொல்லின் பிறப்பிடம் இங்கே நினைக்கத் தக்கது. ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் மாட்டுக் களவு மிகுந்திருந்த காலத்தில், மாடுகளைக் காக்கிறோம் என்று சொல்லி ஆயுதம் தாங்கிய குழுவினர் பெற்ற கப்பத்துக்கே அப்பெயர். அங்கு 'மெயில்' என்றால் வாடகை, கப்பம் என்று பொருள். 1734-இல் இறந்த ராப் ராய் மெக்ரெகர் இவ்வாறு காவல் கப்பம் பெற்றவர்களுள் பெயர் பெற்றவர். பொதிகை அடிவாரத்தில் நடந்ததும் ஸ்காட்லாந்து மலையில் நடந்ததும் ஏறக்குறைய ஒன்றே. அரசு எட்டாத இடத்தில் மாடு மேய்ந்தால், காப்பவருக்கும் கவர்பவருக்கும் இடையிலான கோடு மெலிந்துவிடுகிறது.

அங்கே அரசு 1725-இல் மேட்டுநில மக்களைக் கொண்டே காவற்படைகளை அமைத்தது. 1739-இல் அவை ஒரு ரெஜிமெண்டாக்கப்பட்டன. 'பிளாக் வாட்ச்' என்ற பெயரில் அது புகழ்பெற்றது. இங்கே என்ன நடந்தது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

கம்பெனி ஆட்சியில் காவல்

1790-களில் பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. 1799-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராக இருந்த லஷிங்டன், திசைக்காவல் குடிகளை வருத்துகிறது என்றும், பாளையக்காரரின் ஆயுத பலத்துக்கு அதுவே ஊற்று என்றும் மேலிடத்துக்கு எழுதினார். இரண்டாவது காரணமே கம்பெனிக்கு முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும். காவல் கூலி இருந்தால் ஆட்கள் இருப்பர். ஆட்கள் இருந்தால் படை இருக்கும்.

கட்டபொம்மன் 16-10-1799 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை தலைமையில் மீண்டும் எழுந்த போர் 1801-இல் அடக்கப்பட்டது. அதே ஆண்டு சூலையில் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமாயிற்று. 1-12-1801 தேதியிட்ட அறிவிப்பின் வழியாகத் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. திசைக்காவல் உரிமையும் வரும்படியும் பாளையக்காரரிடமிருந்து பறிக்கப்பட்டன. 1803-இல் அவர்கள் நிலையான கப்பம் கட்டும் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டனர்.

ஆணையால் திசைக்காவல் முடிந்தது. ஆனால் அதைச் செய்துவந்த ஆயிரக்கணக்கான ஆட்களின் பிழைப்புக்கு மாற்று எதுவும் செய்யப்படவில்லை. 1816-இல் வந்த பதினொன்றாம் ரெகுலேஷன், ஊர் மணியக்காரரையும் தலையாரியையும் ஊர்ப் போலீசாக ஆக்கியது. காவல்காரருக்கு அதில் இடம் உறுதியாக இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர் இல்லாதவர். ஊராரின் பார்வையில் அவர் எப்போதும்போல் இருந்தார். கூலியும் தொடர்ந்தது.

சென்னை மாகாணத்தில் வரி தண்டவும் குற்றம் ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை செய்யப்படுவதை 1855-இல் ஒரு விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. அதன்பின் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டப்படி மாகாணம் முழுவதற்கும் சீருடைப் போலீஸ் ஏற்பட்டது. ஆனால் ஒரு நிலையத்தின் எல்லை பல ஊர்களைக் கொண்டது. நள்ளிரவில் கிடையில் ஆடு போனால் போலீஸ் வந்து சேர்வதற்குள் தடம் அழிந்துவிடும். எனவே பழைய காவல் மறையாமல் புதிய போலீசோடு பக்கத்தில் நடந்தது. 1890-களில் மதுரை மாவட்டத்தில் திண்டுக்கல் பகுதி ஊரார் பொதுப்பணம் திரட்டி, கள்ளர் காவலை ஒட்டுமொத்தமாக மறுத்தனர். ஆங்கிலத்தில் நிதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குப் 'பண்டு' என்று பெயர் வந்தது. அந்த எதிர்ப்பு கலவரங்களாகவும் தீவைப்புகளாகவும் மாறி, காவல்காரக் குடும்பங்கள் பல ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது. துப்புக்கூலியால் வெகுகாலம் நொந்திருந்தவர்களின் கோபம் அதில் இருந்தது. குற்றம் செய்யாத குடும்பங்களும் அந்தக் கோபத்துக்கு ஆளாயின.

குற்றப் பரம்பரைச் சட்டம்

1871-இல் வட இந்தியாவுக்கென வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு சமூகத்தையோ அதன் பிரிவையோ குற்றவாளிகள் என்று அரசு அறிவித்துவிடலாம். அறிவித்தபின், அதில் பிறந்தவர் குற்றம் செய்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. கைரேகை பதிய வேண்டும். இரவில் அதிகாரி முன் ஆஜராக வேண்டும். ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களில் கள்ளர், மறவர் சமூகங்களின் பல பிரிவினர் இதற்கு உள்ளாயினர். வேறு பல சமூகங்களும் பட்டியலில் இருந்தன.

இரவில் ஊரைச் சுற்றி வருவது காவல்காரரின் தொழில். அதே இரவில் வெளியே காணப்படுவது இப்போது குற்றத்தின் அறிகுறி. தடம் படிக்கும் கண்ணும், களவுபோன மாடு எந்த வழியாகப் போகும் என்ற அறிவும் முன்பு கூலி பெற்றுத் தந்தவை. இப்போது அவையே சந்தேகத்துக்குக் காரணமாயின.

மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது 3-4-1920 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பலர் இறந்தனர். சட்டத்தை எதிர்த்து முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட தலைவர்கள் இயக்கம் நடத்தினர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீக்கப்பட்டது. அப்பட்டியலிலிருந்து விடுபட்ட சமூகங்களைத் தமிழ்நாட்டில் சீர்மரபினர் என்கிறோம்.

மதிப்பீடு

பணியில் இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் பாளையக்காரர் பாடம் நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்து, "சார், எங்க பூட்டன் ஊர்க் காவல் பார்த்தாருன்னு வீட்ல சொல்றாங்க. புத்தகத்துல குற்றப் பரம்பரைன்னு போட்டிருக்கு. அவரு காவல்காரரா, களவாணியா?" என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. இக்கட்டுரை ஒரு வகையில் அந்தப் பதிலைத் திருத்தி எழுதும் முயற்சி.

காவல் முறையைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது உண்மையாகாது. கூலி கொடுக்க இயலாத ஏழைக் குடியானவர் ஒரே மாட்டை இழந்து, அதை மீட்கக் கடன் வாங்கிய துயரம் அதில் உண்டு. இழிவாக மட்டும் எழுதுவதும் உண்மையாகாது. தடம் போன வழியே இரவெல்லாம் நடந்து, கிடைக்காத ஆட்டுக்குத் தம் பங்கு நெல்லிலிருந்து ஈடு கொடுத்தவர்களும் அதே முறையில்தான் இருந்தனர். ஒரு பரம்பரைத் தொழிலின் கூலியை நிறுத்திவிட்டு, தொழில் செய்தவரைப் பிறப்பால் குற்றவாளி என்று எழுதியது ஆட்சி செய்த தவறு. ஸ்காட்லாந்தில் காவல் கப்பம் வாங்கிய சமூகத்தினருக்குச் சீருடை கிடைத்தது. இங்கே கிடைத்தது கைரேகைப் பதிவேடு.

அந்த மாணவனுக்கான பதில் இதுதான்: உன் பூட்டன் என்ன செய்தார் என்பதை அவர் செய்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். அவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. அச்சட்டம் பிழைபட்ட இடம் அதுவே.

இன்றைய சுவடுகள்

காவல் முறை மறைந்தாலும் அதன் சுவடுகள் பள்ளத்தாக்கெங்கும் உள்ளன. ஊர் எல்லையில் சுடலைமாடனும் கருப்பசாமியும் அரிவாளோடும் வல்லயத்தோடும் நிற்கின்றனர். களவு கொடுத்தவர் கோயிலில் காசு வெட்டிப்போட்டு முறையிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. ஈடு கேட்கும் மனு இப்போது தெய்வத்திடம் போகிறது.

மலையும் மாறிவிட்டது. ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒழிக்கப்பட்டன. முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாயின. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவாயிற்று. வேட்டைக்காரர் தங்கிய காட்டில் இன்று இருப்பவை வேட்டைத் தடுப்பு முகாம்கள். அங்கே வேலை பார்ப்பவருக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் என்று பெயர். மண்ணில் தடம் பார்த்து, யார் வந்தார், எந்தப் பக்கம் போனார் என்று படிப்பதே அவர்களுடைய அன்றாட வேலை. பழைய காவல்காரரின் கலை பெயர் மாறி அதே மலையில் தொடர்கிறது. இம்முறை அதற்குச் சீருடையும் உண்டு.